மூடியாச்சு

“மூடுன்னு அமுக்கினா திறக்குது. திறன்னு அமுக்கினா மூடுது. இதுக்குத்தான் உங்கப்பன் ரெண்டு மா நிலத்த வித்து உன்னப் படிக்க வச்சானா?”

மன்னார்குடிப் பக்கம் வயல் வரப்பில் நின்று போனில் கத்தினார் வீரையன். தஞ்சாவூர் ஆபீசில் எழில்மொழிக்குக் காது சூடானது. பெரியப்பாவின் வயல் மதகுக்கு மோட்டார் வைத்து, போனிலேயே திறந்து மூட ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

“இருக்காது பெரியப்பா. நல்லா பாத்தீங்களா?”

“எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கதிர் பழுத்து நிக்குது. அறுக்க இன்னும் அஞ்சு நாள். வாய்க்கால் தண்ணி உள்ள ஏறுனா ஆறு மா சம்பாவும் படுத்துரும். படுத்தா முளைச்சுரும்.”

“நாளைக்குள்ள சரி பண்ணிடறேன். நீங்க எதையும் தொடாதீங்க.”

“கிழிச்சே” என்று போனை வைத்தார்.

எழில்மொழி ப்ரோகிராமைத் திறந்து பார்த்தாள். கட்டளைகள் ஒரு பட்டியலில் இருந்தன. அதே வரிசையில் இன்னொரு பட்டியல்: எந்தக் கட்டளைக்கு எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று. போன வாரம் கட்டளைகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடம் மாற்றியிருந்தாள். ஃபங்ஷன்கள் பழைய இடத்திலேயே நின்றன. ‘மூடு’வுக்கு நேராகத் திறக்கும் ஃபங்ஷன்!

“ஆளை மாத்திட்டு நாற்காலிய மாத்தாம விட்டுட்டியே” என்று சிரித்தான் பக்கத்து சீட்டு இளஞ்செழியன்.

அவள் சிரிக்கவில்லை. இந்தத் தடவை வரிசையையே நம்பாமல், ஒவ்வொரு கட்டளையோடும் அதன் ஃபங்ஷனைப் பெயர் சொல்லிச் சேர்த்தாள். மறுநாள் காலையில் திருத்திய ப்ரோகிராமை, வயலில் மோட்டாரை ஓட்டும் பெட்டிக்கு அனுப்பிவிட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

“அமுக்கிப் பாத்தீங்களா? இப்ப சரியா இருக்கா?”

“பாத்தேன், பாத்தேன். சொன்னபடி கேக்குது.”

அதற்கு அடுத்த நாள், தை மாதம் என்றும் பாராமல் மழை கொட்டியது. மத்தியானம் செய்தி பார்த்துப் பதறிப்போய் மறுபடி கூப்பிட்டாள். அவரோ மச்சானின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூரில் இருந்தார். பின்னால் நாயனச் சத்தம்.

“பெரியப்பா, மதகை மூடினீங்களா?”

“காலையிலயே இங்கேருந்தே மூடிட்டேன். ‘மூடியாச்சு’ன்னு போன்ல பச்சையா வந்துச்சு. இலையில உக்காந்திருக்கேன், அப்புறம் பேசு.”

“அப்பாடா! நல்லவேளை, நேத்து காலையிலயே மாத்தி அனுப்பிட்டேன்.”

“எதை?”

“அதான், தலைகீழா இருந்த திற, மூடு ரெண்டையும்.”

அவர் குரல் காற்றுப் போன மாதிரி இறங்கியது.

“நீ… நிஜமாவே மாத்திட்டியா?”

“ஏன் பெரியப்பா?”

“நீ எங்க செய்யப் போறேன்னு, அன்னிக்குச் சாயங்காலமே எலக்ட்ரீஷியன் ராம்கியக் கூப்புட்டு மோட்டார்ல ரெண்டு ஒயர மாத்திக் கட்டிட்டேனே! பம்ப்செட் தலைகீழா சுத்துனா அதானே செய்வோம்? உடனே அமுக்கியும் பாத்தேன். சொன்னபடி கேட்டுச்சு.”

போனுக்கு என்ன தெரியும்? கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான். ஆறு மா சம்பாவுக்குள் வாய்க்கால் தண்ணீரை விட்டபடி, காலையிலிருந்து மதகு முழுசாகத் திறந்து கிடந்தது.