பேரிங்குக்கு வைக்காத எலுமிச்சம்பழம்

ஒரு ஜீப்புக்கு நாலு அகல டயர்கள் மாட்டினார்கள். புது ரிம் அவற்றை இரண்டு அங்குலம் வெளியே தள்ளி நிறுத்தியது. முன்பக்கத்து இடது டயருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டதைத் தெருவே நின்று பார்த்தது அல்லவா?

உள்ளே இருட்டில், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் மெல்லச் சொன்னது: “தம்பி, நீ வெளியே தள்ளி நிக்கிறதால பாரம் என்னைப் போட்டு நெம்புது. கொஞ்சம் உள்ளே வாயேன்.”

“உள்ளே வந்தா என்னை யாருண்ணே பார்ப்பாங்க?” என்றது டயர்.

அதற்கப்புறம் பேரிங் கேட்கவே இல்லை. முனகிக்கொண்டே சுற்றியது. வண்டிக்காரர் வீரபத்திரனுக்கும் அந்த முனகல் கேட்டது. அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆறாம் மாதம் மலையேறும்போது முனகல் நின்றது. சக்கரம் இறுகி, ஜீப் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் முட்டியது. மெக்கானிக் பேரிங்கைக் கழற்றியபோது, வெந்து நீலம் பாரித்த உருண்டைகள் மண்ணில் சிதறின. ஒன்று உருண்டு வந்து டயரைத் தொட்டு நின்றது.

“அண்ணே,” என்றது டயர்.

“எல்லாம் ஊர்க்கண்ணு!” என்றார் வீரபத்திரன். அதே ரிம்மை மாட்டச் சொன்னார். டயருக்கடியில் இன்னொரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

உள்ளே கிரீஸ் மினுங்க உட்கார்ந்திருந்த புதுப் பேரிங் கேட்டது: “அண்ணே, எனக்கு முன்னாடி இருந்தவரு எங்கே போயிட்டாரு?”

டயர் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகப் பார்த்தது. நட்டுகளை இறுக்கியாகிவிட்டது. வண்டி நகர்ந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது.