குடிகாரனைக் கூட்டி வந்தவள்

சின்னப்பராஜின் கை நடுங்கியது. சிஸ்டர் கொடுத்த தண்ணீரில் பாதி வேட்டியில்தான் போயிற்று.

"பாருங்க சிஸ்டர், காலங்காத்தால கை ஆடுற ஆட்டத்த" என்றாள் மனைவி லூர்தம்மாள். "எங்க ஊரு இண்டூருக்கே தெரியும் இந்தாளு லட்சணம். சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னால இத எப்படி நிறுத்துறது?"

பொம்மிடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில், குடியை மறக்கவைக்க நான்கு கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஊரூருக்குச் சாராயக்கடை ஏலம் போன வருஷத்திலிருந்து அவை காலியாக இருந்ததே இல்லை. இன்று ஒன்று காலி. மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையை மாதா கோயிலில் வாசிப்பதற்குள் புருஷனை அதில் தள்ளிவிட வேண்டும் என்று வந்திருந்தாள் லூர்தம்மாள். குடிகாரர்களைக் கண்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவள் அவள்.

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். "ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறதுண்டா?"

"அதுக்குக்கூட துப்பில்லீங்க. சந்தையன்னிக்கி ரெண்டு கிளாஸ் ஊத்திக்கிட்டு, ஊரறியப் பல்ல இளிச்சுக்கிட்டு வரும்."

"முன்னவிட அளவு கூடிப்போச்சா?"

"இதுக்கெல்லாம் அளவு வேறயா?" லூர்தம்மாள் கூடையில் துணிக்கு அடியில் கிடந்த, புளித்த நெடியடிக்கும் அரிஷ்ட மருந்து பாட்டிலை எடுத்து, மூடியில் ஊற்றாமல் அப்படியே இரண்டு மடக்கு குடித்தாள். "வாயுத் தொல்லைங்க. இப்பல்லாம் ஒரு மூடிக்குக் கேக்கறதில்ல."

"எப்பவாவது நிறுத்திப் பாத்தாரா?"

"தவக்காலம் நாப்பது நாளும் தொடல. எல்லாம் வேஷம்."

"நோன்புக்கு நீங்க என்ன விட்டீங்க?"

"கறி, மீனு, காப்பி எல்லாத்தையும் விட்டேன். இந்த மருந்த மட்டும் முடியலீங்க. விட்ட அன்னிக்கி வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் ஒதறிப்போச்சு."

சிஸ்டர் எழுதிக்கொண்டே போனார்.

"பேர கொட்டை எழுத்துல எழுதுங்க. மானங்கெட்டதுக்கு அப்பவாவது ரோஷம் வரட்டும்."

பெண்டாட்டி முன்னால் நின்றாலே நடுங்குகிற ஜீவன் சின்னப்பராஜ்.

"மாத்துத்துணி கொண்டு வந்தீங்களா?" என்று அவரைக் கேட்டார் சிஸ்டர்.

மடியிலிருந்த பையை நீட்டினார் சின்னப்பராஜ். மேலாக இருந்தது லூர்தம்மாளின் ஊதாப் புடவை.

"போன வாரமே உங்க வீட்டுக்காரர் வந்து எல்லாஞ் சொல்லிட்டுப் போனாரும்மா. கட்டில் உங்களுக்குத்தான்."