பதினோரு கறுப்பு வீடியோக்கள்

சௌடாம்பிகாவின் வீட்டை நடத்தும், வீட்டின் குரலாக அவளோடு பேசும் சர்வருக்கு வயதாகிவிட்டது. அதிலிருந்த அனைத்தையும் புதுப் பெட்டிக்கு மாற்ற டெக்னீஷியன் தாஹிரா காலையிலேயே வந்திருந்தாள்.

"அக்கா, புதுசுல இடம் பத்தலைங்க. ஏதாச்சும் அழிக்கணும். பெருசா பதினோரு வீடியோ இருக்குது. எல்லாமே வெறும் கறுப்பு."

"அப்ப அதையே அழிச்சுடு கண்ணு."

"முடியலைங்க. உங்க வீடே அதைப் பூட்டி வெச்சிருக்குது. மீறி அழிச்சா, புதுப் பெட்டியில எந்திரிக்கிறது உங்க பழைய வீடுதானான்னு நான் சொல்ல முடியாது."

சௌடாம்பிகாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "ஒண்ணை ஓட்டு, பார்க்கலாம்."

திரை இருட்டாகவே இருந்தது. ஆனால் மணிச் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல்: "இந்த வருஷமும் எங்களை நல்லா பார்த்துக்க சாமி."

தேதியைப் பார்த்தாள். ஆயுத பூஜை. பதினொன்றுமே ஆயுத பூஜைகள்தான். வருடந்தோறும் சர்வருக்கு அவள் வைக்கும் சந்தனப் பொட்டு, சரியாக அதன் கேமராவின் மேல் விழுந்திருக்கிறது.

"என்னோட சீரியலை எல்லாம் அழிச்சுடு," என்றாள்.

"நாலாயிரம் எபிசோடுங்க அக்கா."

"இருக்கட்டும். யார் யாரைக் கட்டுனாங்கன்னு எனக்குத் தெரியும்."

மதியம் புதுப் பெட்டியில் விளக்கு எரிந்தது. "நான் பேசறது கேக்குதா?" என்றாள் சௌடாம்பிகா. பதில் இல்லை. பூஜை அறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்துடன் திரும்பினாள்.

"கேமராவை மறைக்காதீங்க அக்கா, வாரண்டி போயிடும்."

அவள் கேமராவின் மேலேயே பொட்டு வைத்தாள்.

"பன்னெண்டு," என்றது வீடு.