இப்படிக்கு, நலன்விரும்பி

"மறுபடியும் மொட்டைப் பெட்டிசம் போட்டுட்டாங்கடி சுபா! பல்லேகல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க!"

செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக உள்ளே வந்த யசோதா, கதிரையில் தொப்பென்று விழுந்து அழ ஆரம்பித்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுபாஜினி அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து தோழியைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஓடி வந்து கட்டிக்கொள்வது அவளுக்கு நன்றாகவே பழகியிருந்தது. யசோதாவின் மூத்த மகள் அகீலாவுக்கு வந்த சம்பந்தம் கலைவது இது மூன்றாவது தடவை.

"எந்தப் படுபாவிடி அது? எழுதுன கை அழுகிப் போக!"

சாபம் கொடுக்கும்போது மட்டும் சுபாஜினி தன் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மூன்று மொட்டைக் கடிதங்களையும் எழுதியது அந்தக் கைதான்.

எழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இடது கை. முத்திரை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் பேராதனையில் தபால். அடியில் 'இப்படிக்கு, நலன்விரும்பி'. கந்தோர் உத்தியோகத்தில் ஒரு ஃபைலை அடுத்த மேசைக்கு நகர்த்த மூன்று மாதம் எடுக்கிறவள், இந்த வேலையை மட்டும் அன்றன்றே முடித்துவிடுவாள்.

"என்ன எழுதியிருந்துச்சாம்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அகீலாவுக்கு வலிப்பு வருமாம்! என் புள்ளைக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட ஒழுங்கா வந்ததில்லடி!"

முதல் கடிதத்தில் அகீலாவைப் பூங்காவில் ஒரு குடைக்குள் எவனோடோ உட்கார வைத்திருந்தாள். இரண்டாவதில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயதார்த்தத்தை நடத்தி, முறித்தும் வைத்திருந்தாள். சுபாஜினியின் கற்பனைக்குப் பஞ்சமே இல்லை.

எல்லாம் பழைய கதை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நிரஞ்சன் பெண் பார்க்க வந்தது சுபாஜினியைத்தான். பதற்றத்தில் அவளுக்குக் கை நடுங்கியதால், பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் துணைக்கு வந்திருந்த யசோதா. அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லி அனுப்பினார்கள். யசோதாவின் வீட்டுக்கு.

"உனக்குக் கோவம் இல்லியேடி?" என்று யசோதா அன்றைக்குக் கேட்டாள்.

"சீச்சீ, எனக்கென்ன கோவம்?" என்றாள் சுபாஜினி. அந்தப் பொய்யை இன்றுவரை சோறு ஊட்டி வளர்த்து வருகிறாள். பிற்பாடு அவளுக்குக் கிடைத்த கணவர் இராமையா, குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனிதர். அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

இப்போது அகீலாவுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சம்பந்தம் கலைந்தால் போதும், பெண்ணிடம்தான் ஏதோ கோளாறு என்று ஊரே முடிவு கட்டிவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் சுபாஜினி காத்திருந்தாள்.

"இந்தச் சம்பந்தத்தப் பத்தி வேற யார்கிட்ட சொன்ன?"

"உன்ன விட்டா யார்கிட்டடி சொல்வேன்? மாப்பிள்ளை பேரு, தெரு, வீட்டு நம்பரு எல்லாம் உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

சுபாஜினியின் இடது கை மறுபடியும் முந்தானைக்குள் போனது.

"என்னைச் சந்தேகப்படுறியா யசோ?"

யசோதா அழுகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னையா? கூடப் பொறந்தவ மாதிரி இருக்குற உன்னையா?" என்று மறுபடியும் தோளில் சாய்ந்தாள். "பாவம், எங்க வீட்டுக்காரரோட அக்காதான் நொந்து போயிட்டாங்க. மூணு இடமும் அவங்க கொண்டுவந்தது. அக்கா சொன்னா எங்க வீட்ல மறுபேச்சே கிடையாது. இப்ப அவங்களே கைய விரிச்சுட்டாங்க."

போன உயிர் திரும்பி வந்தது சுபாஜினிக்கு. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து யசோதா பட்டுச்சேலையில் வந்து நின்றாள். கையில் குங்குமச் சிமிழும் கல்யாணக் கார்டும்.

"வர்ற பத்தாம் திகதி அகீலாவுக்குக் கல்யாணம்டி! குடும்பத்தோட வந்துடணும்."

சுபாஜினி கார்டை இரண்டு முறை வாசித்தாள். பத்தாம் திகதிக்கு எட்டே நாள் இருந்தது. வயிறு பற்றி எரிந்தது, முகம் சிரித்தது.

"எப்பத்திலருந்து பேச்சு நடந்துச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி?"

"பையன் அவகூட பேங்க்ல வேலை செய்றவன். நாலு வருஷமா ரெண்டு பேருக்கும் விருப்பம். எந்த இடமும் அமையலன்னதும் அக்காவே வழிக்கு வந்து, 'சரி, அவனுக்கே குடுத்துருங்க'ன்னுட்டாங்க."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்டி. பையன் வீடு எங்க இருக்கு?" இதைக் கேட்கும்போது சுபாஜினியின் குரல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

"தாலி கட்டி முடியட்டும், நானே உன்னக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

யசோதா பொறுமையாக அவள் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த ஒரு கடதாசியை எடுத்துக் கல்யாணக் கார்டின் மேல் வைத்தாள்.

"அக்கா இப்ப சின்னவளுக்கும் ஒரு இடம் கொண்டுவந்திருக்காங்க. எங்க யாருக்குமே புடிக்கல. மாப்பிள்ளை வீட்டு விலாசம் இதுல இருக்கு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்களாம். அதுக்குள்ள கெடைக்கிற மாதிரி எழுதிப் போட்டுரு சுபா."