வண்டி பழகிய வழி

பச்சைக் கேட் வீட்டுக்கு முன்னால் வண்டி மறுபடியும் வேலைக்கு டிமிக்கி கொடுத்தது. வேகம் குறைந்தது; பிரஷ்கள் மேலே ஏறின; உறிஞ்சும் சத்தம் அடங்கியது. கேட்டைத் தாண்டியதும் ஒன்றும் தெரியாததுபோல் கூட்டத் தொடங்கியது.

ஓட்டுநர் கைகளை மடியில் வைத்து நேராகப் பார்த்தபடி இருந்தார். தானாகவே தெருக் கூட்டும் அந்த வண்டி, அவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை பழகியது.

பக்கத்து சீட்டில் இருந்த பொறியாளர் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். "அண்ணே, இது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே? அங்க மட்டும் ஏன் இந்தச் சோம்பேறித்தனம்?"

"அங்க மரத்து வேர் துருத்திக்கிட்டு இருக்கும்மா. பிரஷ் போயிடும்."

"வேரா? இறங்கிப் பார்த்துட்டேன். ரோடு மொழுமொழுன்னு இருக்கு."

"அப்ப என் கண்ணுதான் சரியில்ல போல." சிரித்தார். "இதாவது சொன்னபடி கேக்குது. நான் வளர்த்தது கேக்கல."

அவளும் சிரித்தாள்.

அவர் குரல் இறங்கியது. "அந்த ஒரு வாசலை மட்டும் அப்படியே விட்டுடும்மா. ரெண்டு இலை கெடந்தா யாரு கேக்கப்போறா?"

"கமிட்டி கேக்கும். நாளைக்குக் கடைசிச் சோதனை. கோட்டைவிட்டா என் மொத்த ஆராய்ச்சியும் குப்பைக்குத்தான் போகும், அண்ணே."

வண்டிக்கூடத்தில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் யாரும் காத்திராத ஆளின் நடை. நாளையிலிருந்து அந்த சீட்டுக்கு ஆள் தேவையில்லை.

அன்று மாலையே அவள் வண்டியிடமிருந்து அந்தப் பழக்கத்தை அழித்தாள்.

மறுநாள் காலை தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஓட்டுநர் இல்லாமல் வண்டி முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள்.

பச்சைக் கேட் வந்தது. வண்டி தயங்கவில்லை. பிரஷ்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டு போயின. ஓர் இலைகூட மிச்சமில்லை. அவள் அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

வீட்டுக்குள் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

கேட் படாரென்று திறந்தது. அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். வண்டியோடு கூடவே ஓடி, ஓட்டுநர் சீட்டை எட்டிப் பார்த்தாள். திரும்பிவந்து பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?"