வாய்மைப் பெட்டி

பொய் சொன்னால் சிவப்பு விளக்கு எரியும். அரசாங்கம் வீட்டுக்கு ஒன்றாக மாட்டிவிட்டுப் போன வாய்மைப் பெட்டி அது. வேதவல்லியின் வீட்டில் வாசற்கதவுக்கு மேலே இருந்தது.

புருஷன் தனபால் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காது. புகார் கொடுக்கப் போனபோது, குடும்ப விஷயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டியும் அடியைக் கண்டுகொள்ளாது. பொய்யை மட்டும்தான் பிடிக்கும்.

இன்று கிளம்பினால் இந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அதற்காகப் பத்து நாளாக உண்மையான பதில்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" தனபால் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

"டெய்லர் கடைக்கு. ஜாக்கெட் வாங்கணும்."

உண்மை. வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். விளக்கு எரியவில்லை.

"அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பை?"

"ஃபால்ஸ் தைக்காத புடவையெல்லாம் இதுலதான் இருக்கு."

அதுவும் உண்மை.

"சரி, போய்த் தொலை."

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து வாசலில் சொல்லிப் பழகியதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வர்றேங்க."

தலைக்கு மேல் விளக்கு சிவந்தது.

தனபால் விளக்கைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். எழுந்து வந்து, எச்சில் கையாலேயே அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.