இரவல் வாய்

"சம்பளம் அவருக்கு. தொண்டைத் தண்ணி வத்தறது எனக்கு."

குடிநீர்த் துறையின் துணைப் பொறியாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை வீசினாள். இந்தப் புலம்பல் கணவனுக்கு மனப்பாடம்.

துறையின் தலைமைப் பொறியாளர் வெளிநாட்டுக்காரர். வேலையில் கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷம் இந்த ஊர்த் தண்ணியைக் குடித்தும் ஒரு 'வாங்க, போங்க' கூட வரவில்லை.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, குழாய் வெடித்துவிட்டது என்று கவுன்சிலர்கள் கூட்டத்தில் கத்துவார்கள். அவர் தன் மொழியில் இரண்டு வரி சொல்லிவிட்டு அக்கடா என்று உட்கார்ந்துவிடுவார். அதை ஊர் மொழியில் விளக்கி, குறுக்குக் கேள்விக்கெல்லாம் மல்லுக்கட்டி, கடைசியில் திட்டும் வாங்கிக்கொண்டு வருவது இவள் தலையெழுத்து.

கடுப்பில் அவர் எதிரிலேயே, "மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கு பாரு" என்று சக ஊழியர்களிடம் கொட்டித் தீர்ப்பாள். அவருக்கென்ன புரியவா போகிறது? அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது எல்லாத் துறையிலும் வெளிநாட்டு அதிகாரிகளை அனுப்பிவிட்டு உள்ளூர்க்காரர்களையே நியமிப்பதாக அரசு முடிவெடுத்துவிட்டது. அந்தப் பதவி மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் போட்டிக்கு நிற்பவர் அமைச்சரின் மைத்துனர்.

"இத்தனை நாளும் அவர் சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னேன்? கிளிப்பிள்ளைக்கு யாருங்க பதவி கொடுப்பாங்க?" என்று கணவனிடம் கண் கலங்கினாள்.

மறுநாள் நடந்ததே வேறு. கூட்டத்தில் அமைச்சர் தன் மைத்துனரின் பெயரை எடுத்ததும் கவுன்சிலர்கள் கட்சி பார்க்காமல் எழுந்துவிட்டார்கள். தண்ணி விஷயம்னா எங்களுக்குத் தெரிஞ்சது இந்த அம்மாவைத்தான், கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது அவங்கதான், வேற யாரையும் ஏத்துக்க மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அமைச்சருக்கு வேறு வழியில்லை.

பதவி கிடைத்த சந்தோஷத்தில் அவள் மனசு இளகியது. என்ன இருந்தாலும் கூட வேலை பார்த்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்பலாமே என்று அலுவலக வாசலுக்குப் போனாள். அவர் காரில் ஏறுமுன் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலியைச் சும்மா தள்ளிப் போடாதீங்க. நல்ல டாக்டரா பாருங்க. வரட்டுமா?"

அப்படியே ஊர் மொழி. காவலாளி பேயறைந்த மாதிரி நின்றார். அவளுக்குத் தான் திட்டியதெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தது. கூசிப்போனாள்.

"சார்... எங்க மொழி உங்களுக்குத் தெரியுமா?"

"வந்த மறுவருஷமே கத்துக்கிட்டேன்."

"நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு... ஏன் சார் ஒருநாள்கூட வாயைத் திறக்கலை?"

அவர் சிரித்தார்.

"நான் பேச ஆரம்பிச்சிருந்தா, உங்களை யாரும்மா கேட்டிருப்பாங்க?"